கிழமை கேட்ட அம்மா

2019 ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை, முற்பகல் 11.20. காற்று அசையவில்லை. தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுக்கும் வெயில். திருவேற்காடு அம்மன் சந்நிதியில் மகளின் கல்யாணப் பத்திரிகையை வைத்துக் கும்பிட்டுவிட்டு, நானும் என் மனைவியும் ஷேர் ஆட்டோவில் வந்து, கல்யாணத்துக்குப் பிடித்திருந்த மண்டபத்து வாசலில் இறங்கினோம். அடித்தவை நானூற்றைம்பது பத்திரிகைகள். முதலாவது அம்மனுக்கு, இரண்டாவது மண்டபத்து மேனேஜரம்மாவுக்கு. சொந்தக்காரர்கள் கேள்விப்பட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்றாள் மனைவி. வழியில்தானே இருக்கிறது என்றேன் நான்.

மேனேஜரம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எந்தப் பத்திரிகையையும் அவர் பிள்ளையார் படத்திலிருந்து படிக்க ஆரம்பிக்க மாட்டார். நேரே தேதிக்குப் போவார். அன்றும் போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

“இன்னா சார், மே ஒம்போதுன்னு போட்டுக்கீது?”

“மே ஒன்பதுதானேம்மா கல்யாணம். வியாழக்கிழமை.”

“வியாழக்கெழமதான் சார். ஆனா செப்டம்பர் அஞ்சு, வியாழக்கெழம. உங்களுக்கு அதத்தான எழுதி வச்சிக்கீறேன்? மே ஒம்போது திருமழிசை பார்ட்டிக்குக் குடுத்தாச்சே.”

என் மனைவி படியில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கு இருபத்தேழு நாள் இருந்தது.

அந்த அம்மாளின் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அந்தச் சாலையில் எல்லோருக்கும் அவர் மேனேஜரம்மா. ஐம்பது ஐம்பத்தைந்து வயது, குள்ளம், மண்டபத்து மைக்கைவிடப் பெரிய குரல். நூம்பலில் நாங்கள் ஃப்ளாட் வாங்கி வந்த நாளிலிருந்து காலை நடையில் பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கும் இடம் அந்த மண்டபத்து வாசல். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளிவிடுவார். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

இடது கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம் கட்டியிருப்பார். அதில் மூன்று மணி இருக்கும் இடத்தில் சின்ன ஜன்னல். அதில் கிழமை தெரியும். எப்படியோ அது இந்தியில் மாட்டிக்கொண்டுவிட்டது. அவருக்கு இந்தி தெரியாது. ஆனால் ஏழு கிழமைகளின் உருவமும் அவருக்கு அத்துப்படி. “இந்தக் கொக்கி போட்டது சனி, சார்” என்பார்.

மண்டபம் கேட்டு வருகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், தேதியைச் சொன்னதும் அந்த அம்மாள் பேனாவை எடுக்க மாட்டார். “கிழம சொல்லுங்க” என்பார். காலண்டர் பின்னால்தானே தொங்குகிறது, பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று சிலர் எரிந்து விழுவார்கள்.

“நான் பாக்கறதுக்கு இல்ல சார். நீங்க சொல்லணும். தேதி வெறும் நம்பரு. ஒரு நம்பரு மாறிப்போனா இன்னொரு நம்பரு வந்து அந்த எடத்துல குந்திக்கும், அதுவும் பாக்க நல்லாத்தான் இருக்கும். கிழம அப்டி இல்ல. மாத்திச் சொன்னா இடிக்கும்.”

இடித்ததை நானே பார்த்திருக்கிறேன். பூந்தமல்லியிலிருந்து ஒருவர் பேரனுக்குக் காது குத்த மண்டபம் கேட்டு வந்தார். பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை என்றார். “பதினெட்டு திங்கக்கெழமயாச்சே” என்றார் மேனேஜரம்மா. வந்தவர் சத்தம் போட்டார். தினசரிக் காலண்டரில் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். பார்த்தது உண்மைதான். பெரிய எழுத்தில் இருக்கும் ஆங்கிலத் தேதிக்குப் பதிலாக, கீழே சிறிய எழுத்தில் இருந்த ஆவணி பதினெட்டைப் பார்த்திருக்கிறார். ஆள் போன பிறகு அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். “கேக்காம எழுதிக்கிருந்தா, கொழந்தைய தூக்கிக்கினு வந்து மூட்ன கேட்டு முன்னால நிப்பாரு.”

செவ்வாய்க்கிழமை என்று யாராவது வந்தால் மட்டும் அவர் இரண்டு முறை கேட்பார். நம்மில் யாரும் அன்றைக்குக் கல்யாணம் வைப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். அவருடைய காரணம் வேறு.

“நான் செவ்வாக்கெழம கட்டிக்கினவ சார். ரிஜிஸ்தர் ஆபீஸ்ல அன்னிக்குத்தான் டைம் குடுத்தான். ஆறு வருசம் ஓடிச்சு. அப்பறம் ஒரு புதன்கெழம, டீ குடிச்சிட்டு வரேன்னு போனாரு.”

“அப்புறம்?”

“இன்னும் குடிச்சிக்கினு கீறாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியவில்லை. எந்த வருடம் என்று கேட்டேன். யோசித்தார். வருடம் ஞாபகம் இல்லை, புதன்கிழமை என்பது மட்டும் நிச்சயம் என்றார். அவருடைய அம்மா இறந்தது ஞாயிறு. தங்கைக்குக் குழந்தை பிறந்தது சனி. அவர் வாழ்க்கையில் ஏழு நாள்கள்தான் இருந்தன. எல்லாம் அந்த ஏழுக்குள் நடந்து முடிந்திருந்தன.

எனக்கும் அவருக்கும் இதில் ஓயாத சண்டை. ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையின் ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். எனக்குத் தேதி என்றால் முதலில் வருடம், பிறகு மாதம், கடைசியில் நாள். அப்படி எழுதிய அட்டைகளை எண் வரிசையில் அடுக்கினால் போதும், கால வரிசை தானாக வந்துவிடும். கடிகாரமும் மணி, நிமிடம், நொடி என்றுதான் போகிறது. நொடியை முதலில் சொல்லி மணியைக் கடைசியில் சொல்கிறவனை என்னவென்போம்? தேதியை மட்டும் நாம் அப்படித்தான் எழுதுகிறோம். இதையெல்லாம் அவரிடம் விளக்கினேன்.

“ஏன் சார், வூடு தேடி வர்றவன் வழி கேட்டா, இந்தியா, தமிழ்நாடு, சென்னைன்னா ஆரம்பிப்பீங்க? எந்தக் கதவுன்னு சொன்னாத்தான் அவன் உள்ள வருவான். கல்யாணம் பண்ண வர்றவனுக்கு இன்னா வருசம்னு தெரியாதா?”

பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நாற்காலிக்குத் திரும்பிப் போய்ச் சொன்னபோது, எந்தக் கேள்விக்கு என்று கேட்டார்.

இப்படிப்பட்டவர் எப்படித் தவறினார் என்பதைச் சொல்ல வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியது அமெரிக்காவில் இருக்கும் என் மகன். தங்கை கல்யாணத்துக்கு மண்டபம் தன் செலவு என்று பிடிவாதம் பிடித்தான். பணத்தை அனுப்பிவிட்டு மேனேஜரம்மாவுக்குச் செய்தி அனுப்பினான்: 05/09/2019. அங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள். அவன் எழுதியது மே ஒன்பது. இந்த அம்மாள் நம் வழக்கப்படி செப்டம்பர் ஐந்து என்று படித்தார். விதிப்படி கிழமை கேட்டார். வியாழன் என்று பதில் வந்தது. காலண்டரைப் புரட்டினார். செப்டம்பர் ஐந்து வியாழன். எழுதிவிட்டார். ரசீதில் 05-09-2019 என்று போட்டுப் படம் எடுத்து அனுப்பினார். அவன் அதை மே ஒன்பது என்று படித்துத் திருப்தியானான். நான் விசாரித்தபோது, “வியாழக்கெழம போட்டுட்டேன் சார்” என்றார். நானும் திருப்தியானேன். மூன்று பேரும் வெவ்வேறு இடங்களில் நிம்மதியாக இருந்தோம்.

படியில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு மேனேஜரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு அங்கேயே நின்றபடி முதலாளிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். முதலாளி சிட்டிக்குள் இருப்பவர். அவர் கத்தியது எங்களுக்கும் கேட்டது. செப்டம்பர் ஐந்துக்கு ஆள் வராவிட்டால் வாடகையை உன் சம்பளத்தில்தான் பிடிப்பேன் என்றார். இந்த அம்மாள் “சரிங்க” என்று வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தப்பு என்னுது சார். கிழமைய நம்பி மாசத்தக் கேக்காம வுட்டுட்டேன். ஆனா கல்யாணம் இங்கதான். அன்னிக்குத்தான். நீங்க போய் பத்திரிகை குடுத்துக்கினே இருங்க.”

எனக்கு அந்த உறுதி பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து 2019 காலண்டரை விரித்து உட்கார்ந்தேன். மே ஒன்பதுக்கும் செப்டம்பர் ஐந்துக்கும் இடையில் 119 நாள். சரியாகப் பதினேழு வாரம். எந்த வருடத்தை எடுத்தாலும் இந்த இரண்டு நாளும் ஒரே கிழமையில்தான் வரும். நாளும் மாதமும் இடம் மாறினால் குழப்பக்கூடிய தேதிகள் அறுபத்தாறு ஜோடி. அந்த வருடம் அதில் ஆறு ஜோடிக்குத்தான் கிழமையும் ஒன்றாக இருந்தது. அறுபது ஜோடியில் எதுவாக இருந்தாலும் அந்த அம்மாள் பிடித்திருப்பார். என் மகளுக்கு அந்த ஆறில் ஒன்று வாய்த்தது. போதாததற்கு இரண்டும் வளர்பிறை. ஒன்று சித்திரை, இன்னொன்று ஆவணி. இரண்டும் கல்யாணம் வைக்கிற மாதங்கள்.

மகனைப் போனில் பிடித்துக் கத்தினேன்.

“அப்பா, நீங்க வாயால என்ன சொல்றீங்க? மே ஒன்பதுன்னுதானே? மாசம் முதல்ல, நாள் அப்புறம். இங்க சொல்ற மாதிரியே எழுதுறாங்க. நாமதான் ஒண்ணு சொல்லி ஒண்ணு எழுதுறோம்.”

யோசித்துப் பார்த்தால் சித்திரை இருபத்தாறு என்றும் நாம் மாதத்தைத்தான் முதலில் சொல்கிறோம். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

மறுநாள் வேலப்பன்சாவடியிலிருந்து பூந்தமல்லி வரை ஒன்பது மண்டபம் ஏறி இறங்கினேன். ஒன்பதிலும் மே ஒன்பது போயிருந்தது. ஓர் இடத்தில் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் காப்பி கொடுத்தார்கள்.

ஏப்ரல் 15, திங்கட்கிழமை மேனேஜரம்மா என்னைத் திருமழிசைக்கு அழைத்துப் போனார். மே ஒன்பதை எடுத்தவர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவருக்கும் மகள் கல்யாணம்தான். வீட்டு வாசலிலேயே வேலையாள்களுடன் நின்றிருந்தார்.

“இன்னாக்கா, பாக்கிக் காசு வாங்க இப்பவே வன்ட்டியா?”

“காசு வாணாம் நைனா. ஒரே நாளுக்கு ரெண்டு கல்யாணம் ஆயிப்போச்சு. உனுக்கு முகூர்த்தம் நாலரை ஆறு. இவருக்குப் பத்தே முக்கா. எட்டு மணிக்கு மேல மாடிய இவருக்குக் குடுத்துடு. கீழ சாப்பாட்டு ஹாலு பன்னெண்டு வரிக்கும் உனுக்கு, அப்பறம் இவருக்கு.”

“பன்னெண்டுக்கு எழுந்திரின்னா என் சம்மந்தி எழுந்துப்பாரா? பந்தில குந்துன ஜனத்த எழுப்பி வுட்டான்னு காலத்துக்கும் பேசுவாங்க.”

நான் குறுக்கே புகுந்து அமெரிக்க முறையையும் நம் முறையையும் விளக்கினேன். பதினேழு வாரக் கணக்கையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“பெரியவரே, அமெரிக்காவுல தலகீழா எழுதிக்கினா எனக்கு இன்னா? என் பொண்ணுக்கு வியாழக்கெழம கல்யாணம். அவ்ளோதான்.”

உள்ளே போகத் திரும்பினார். அப்போது வாசல்படியில் அவர் மனைவி வந்து நின்றார். கையில் காலிக் குடம். அந்த வருடக் கோடையில் சென்னைப் பக்கம் எங்குமே தண்ணீர் இல்லை. லாரிக்குக் காத்திருக்கும் குடங்கள்தான் தெரு முழுக்க. அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“தப்பு யாரு பண்ணது?”

என் மகன் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

“நான்தாம்மா” என்றார் மேனேஜரம்மா. “வேற யாரும் இல்ல.”

அந்தப் பெண் குடத்தைக் கீழே வைத்தார். “மண்டபத்துல தண்ணி கீதா?”

“ரெண்டு கல்யாணத்துக்கும் தண்ணி என் பொறுப்பு. லாரி வரலன்னா நானே தூக்கியாந்து ஊத்தறேன்.”

அந்தப் பெண் புருஷன் பக்கம் திரும்பினார். “குடுத்துடுய்யா. அவுங்களும் பத்திரிகை அடிச்சிட்டாங்க இல்ல? இந்த வெயில்ல இந்தம்மா வயசானவர வேற இட்டுக்கினு வந்துக்கீது.”

“உன் சம்மந்திகிட்ட நீயே பேசு.”

“பேசறேன். நீதான் பயந்துக்கற.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேனேஜரம்மா சொன்னார்: “சார், நீங்க கணக்கு சொன்னப்பதான் அவன் கெட்டியாயிட்டான். இனிமே எங்கயும் கணக்கு சொல்லாதீங்க.”

மே ஒன்பது காலை எட்டு மணிக்கு அவர் மாடிப்படி நடுவில் நின்றார். ஒரு கூட்டத்தை வலது பக்கமாக இறக்கினார், இன்னொரு கூட்டத்தை இடது பக்கமாக ஏற்றினார். எட்டேகாலுக்கு வாசலில் பெயர்ப் பலகை மாறிவிட்டது. தண்ணீர் லாரி முதல் நாள் மாலையே ஒன்று, விடிகாலையில் ஒன்று வந்திருந்தது. அவர் அந்த லாரிக்காரர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னோடு ஸ்டோரில் இருந்த நண்பர் ஒருவர் எதற்கும் சீக்கிரம் வருபவர். ஐந்து மணிக்கே வந்து, லேத் பட்டறைக்காரர் மகளுக்கு அட்சதை போட்டு, பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தார். “மாப்பிள்ளை கொஞ்சம் கறுப்பா இருந்தாலும் லட்சணம்யா” என்றார். என் மாப்பிள்ளை அப்போது மேலே முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

11.05க்கு என் மகள் கழுத்தில் தாலி ஏறியது. என் கண்ணில் நீர் வந்ததா என்று மனைவி பிற்பாடு கேட்டாள். அந்த நேரத்தில் நான் கீழே எத்தனை இலை பாக்கி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மணி பன்னிரண்டு ஆகியும் கீழே அவர்களுடைய கடைசிப் பந்தி எழுந்திருக்கவில்லை. சம்பந்தி வீட்டு ஆண்கள் இருபது பேர் சாவகாசமாக ரசத்தில் இருந்தார்கள். மேனேஜரம்மா யாரையும் எழுப்பவில்லை. மோர் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வரிசையில் இறங்கினார். “சாப்டுங்க, சாப்டுங்க, மெதுவா சாப்டுங்க” என்று சொல்லிக்கொண்டே ரசம் சாதத்தின் மேல் மோரை ஊற்றினார். மோர் வந்த பிறகு எந்தப் பந்தியும் நீடித்ததில்லை. பன்னிரண்டு பத்துக்கு எங்கள் இலை விழுந்தது.

மாலை வரவேற்புக்கு முதலாளி வந்தார். மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துவிட்டு, என் எதிரிலேயே அந்த அம்மாளிடம் செப்டம்பர் ஐந்தைப் பற்றி ஆரம்பித்தார். அந்தத் தேதி கேட்டுத் தை மாதமே இரண்டு பேர் வந்தார்களாம். திருப்பி அனுப்பினோமே, இனி ஆவணிக்கு யார் வருவார்கள் என்றார். “புடிச்சிக்கோங்க முதலாளி” என்றார் அவர், வாடிய மாலைகளை வாரிக்கொண்டே.

நான் சொன்னேன்: “செப்டம்பர் ஐந்து என் பெயரில்தானே இருக்கு? நான் ரத்து செய்யவே இல்லையே. எனக்கு மண்டபம் வேணும்.”

“எதுக்கு சார்?” என்றார் முதலாளி.

“அது என் விஷயம்.”

எதற்கு என்று எனக்கே தெரியாது. மறுநாள் காலை நடையில் மேனேஜரம்மா நாற்காலியைத் தள்ளவில்லை. “என் தப்புக்கு உங்க காசா? வேலையப் பாருங்க சார்” என்றார். அதன் பிறகு வந்த எல்லாக் காலைகளிலும் இதே பேச்சு. நான் விடவில்லை. இரண்டு நாளும் நானே எடுத்தேன் என்றால், அந்த அம்மாள் எழுதியதில் பிழை என்று எங்கே இருக்கிறது? ஜூலையில்தான் சண்டை ஓய்ந்தது. “சரி, எடுத்துக்கோங்க. ஆனா மண்டபத்த சும்மா பூட்டி வைக்க வுட மாட்டேன். எதுனா பண்ணுங்க” என்றார்.

அந்த மாதங்களில் அவர் தம் விதியையும் திருத்திக்கொண்டிருந்தார். கிழமையோடு இன்னொன்றும் கேட்டார். மண்டபம் கேட்டு வந்தவர்கள் விழித்தார்கள். “அன்னிக்கு வெயிலா மழையா சார்? உங்களுக்கு ஃபேன் அதிகம் வேணுமா, செருப்பு வைக்க எடம் அதிகம் வேணுமா?” மாதத்தை எண்ணால் சொல்லி ஏமாற்றலாம், வெயிலை எப்படி மாற்றிச் சொல்வார்கள் என்பது அவர் வாதம். என் வருடம்-மாதம்-நாள் முறையை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. நான் அவருக்காக ஒரு படி இறங்கினேன். மாதத்தை எண்ணில் எழுதுவதை விட்டேன். பெயரை எழுதி, பக்கத்தில் கிழமையையும் போடுகிறேன். வருடம் மட்டும் இன்றைக்கும் முதலில்தான்.

அடுத்த வருடம் தொற்று வந்து மண்டபங்களைப் பூட்டினார்கள். திறந்தபோது வேறு ஒருவர் அந்த மேசையில் இருந்தார். தேதியைச் சொன்னதும் கணினியில் தட்டிக்கொண்டார். மேனேஜரம்மா திருத்தணிப் பக்கம் தங்கையோடு இருப்பதாகச் சொன்னார்கள். விலாசம் கிடைக்கவில்லை.

2019 செப்டம்பர் 5, வியாழக்கிழமை, யாருக்கும் கல்யாணம் இல்லாத அந்த மண்டபத்தில் நான் கல்யாணச் சாப்பாடு போட்டேன். திருமழிசை வீட்டையும் அவர்கள் சம்பந்தி வீட்டையும் அழைத்தேன். என் மகளும் மாப்பிள்ளையும் பரிமாறினார்கள். லேத் பட்டறைக்காரர் உட்காரும்போதே, “பெரியவரே, இன்னிக்கு எத்தினி மணிக்கு எழுப்புவீங்க?” என்றார். அவர் மனைவி அவரை முழங்கையால் இடித்தார். மேனேஜரம்மா வாளியைத் தூக்கப் போனார். திருமழிசை அம்மாள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்த மண்டபத்தில் அவர் இலை முன்னால் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கினார். ரசம் முடிந்து வெகுநேரம் வரை மோர் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அறுபத்திரண்டு இலை. மண்டப வாடகை, சமையல், கரண்ட், துப்புரவு எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ரூபாய் 1,03,450.